சூடு ஆறுமுன்

அணைக்கக் கூடாது, அணைத்தால் போச்சு, என்று சாவிமேல் போன கையைக் கலாமணி சுட்டுக்கொண்டவள்போல இழுத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றால்கூட அணைத்துவிடுகிற கை அது, சொட்டுப் பெட்ரோல் வீணாகக் கூடாது என்று தானாகவே சாவிக்குப் போகிற கை, இன்றைக்கு மட்டும் சும்மா இரு என்று அதை மடியில் போட்டு மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் ரங்கராஜ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். சூட்டோட கொண்டுபோய் நிறுத்துங்கக்கா, சூட்டோடயே குழாய உடச் சொல்லுங்க, ஆற உட்டீங்கன்னா பொகையும், பொகைஞ்சா ஃபெயிலு. அதற்காகத்தான் வடவள்ளியிலிருந்து நேராக வராமல் பைபாஸில் ஏறி நீலாம்பூர் வரைக்கும் போய்த் திரும்பி, வண்டியை நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். வந்து பார்த்தால் திருச்சி ரோட்டுப் பெட்ரோல் பங்கின் மூலையில், டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட அந்தப் புகைச் சோதனை அறைக்கு முன்னால் வரிசை. மூன்று கார், ஓர் ஆட்டோ, ஒரு பால் வேன். எல்லாம் அணைத்துப்போட்டு அடக்க ஒடுக்கமாக நின்றன. அவளுடைய வெளிர்பச்சை ஹெரால்டு மட்டும், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய தகரம் முழுவதையும் தடதடவென்று உதறிக்கொண்டு நின்றது. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி நடுங்கியது, அதில் தெரிந்த முகமும் நடுங்கியது. கண்ணாடிதான் நடுங்குகிறது, முகம் இல்லை.

முன்னால் நின்ற பால் வேனின் டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். "ஏனுங்கக்கா, ஆஃப் பண்ணிப்போடுங்க. சர்வர் வேலை செய்யலையாமா. இப்போதைக்கு நகராது. பெட்ரோல் சும்மா போகுது பாருங்க." "போகட்டுமுங்க," என்றாள். அவர் ஒரு நிமிஷம் அவளையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "உங்கூட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்டார். இதைக் கேட்காமல் எவராலும் இந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்க முடிவதில்லை. டயர் மாற்றப் போனால் கேட்கிறார்கள், பெட்ரோல் போடப் போனால் கேட்கிறார்கள், போனவாரம் ஒரு போலீஸ்காரர் லைசென்ஸைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே கேட்டார். "இல்லீங்க, வண்டி எம் பேர்ல இருக்குது," என்றாள் கலாமணி. கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லாததுபோல அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சம்பந்தம் இருக்கிறது. எல்லாச் சம்பந்தமும் அதில்தான் இருக்கிறது. சூட்டு முள்ளைப் பார்த்தாள். நடுவைத் தாண்டி, சிவப்புக் கோட்டுக்கு விரற்கடை இருக்கும்போது நின்றிருந்தது. ஆறினால் புகையும், ஏறினால் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கும். இரண்டுக்கும் நடுவில் அந்த முள்ளைக் கண்ணாலேயே பிடித்து நிறுத்திவிட முடியும்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடும் சத்தம் வருகிறதா, வருகிறது. இன்னொரு சத்தமும் வருகிறதே, லேசாகக் கிரீச்சென்று, அது பெல்ட்டா, இல்லை ரோட்டில் போன பஸ்ஸா, பஸ்தான், இப்போது இல்லை, பஸ்தான்.

பெட்ரோல் வாசம் ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பங்க் வாசம். வெயிலில் காய்ந்த தரையும் சிந்தின எண்ணெயும் கக்கூஸில் ஊற்றின ஃபினாயிலும் கலந்த வாசம். வேண்டாம் என்றாலும் அந்தக் கிணத்துக்கடவு பங்குக்குத்தான் அது கொண்டுபோகும். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம், புருஷன் நாச்சிமுத்து ஓட்டிக்கொண்டு போனார், இதே வண்டி, அவள் பின்சீட்டில். முன்சீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் பின்சீட்டில்தான், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், முன்னால் உட்கார்ந்தால் கியர் போடுவதற்குக் கை தட்டுகிறது என்று அவர் சொன்ன நாளிலிருந்து. பங்கில் நிறுத்திப் பெட்ரோல் போட்டார்கள், அவள் கக்கூஸுக்குப் போய்விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு முந்தானையால் துடைத்தபடி வெளியே வந்தால் வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நகர்த்தி நிறுத்தியிருப்பார் என்று பங்கைச் சுற்றி வந்தாள். நிழலுக்குப் போயிருப்பார் என்று ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் நடந்து பார்த்தாள். ஃபோன் பண்ணினால் எடுக்கவில்லை, ஓட்டும்போது எடுக்க மாட்டார். பங்குக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், டீ வாங்கித் தந்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் கேட்காததுதான் அதிகமாக வலித்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூவோடு, பெட்ரோல் போட வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போக, அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் திரும்பி வந்தார். கோபமாக இல்லை, வெட்கமாகவும் இல்லை. "நீதான் பேசவே மாட்டியே, பின்னால இருக்கறயின்னு நெனச்சேன்," என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் போனதும், "மண்டபத்துல பத்திரிகையப் படிக்கலாம்னு கண்ணாடியத் தேடறேன், உன்ற பைல இருக்குது," என்றார். கண்ணாடிக்காகத் திரும்பி வந்திருக்கிறார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும், பந்தியிலா, ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சோறு போட ஆள் இல்லாதபோதா. இதை எத்தனை தடவை நினைத்தாயிற்று, இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது, மேலே போக மாட்டேன் என்கிறது, திரும்பித் திரும்பி அந்தக் கண்ணாடியிலேயே வந்து முட்டிக்கொள்கிறது.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். முன்னால் ஒரு கார் வெளியே போயிருந்தது, சர்வர் வந்துவிட்டது போல. கலாமணி கிளட்சை மிதித்து முதல் கியரில் போட்டு ஒரு வண்டி தூரம் நகர்த்தி மறுபடி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். கை தட்டவில்லை. பக்கத்துச் சீட்டில் அவளுடைய பையும் தண்ணீர்ப் பாட்டிலும் உட்கார்ந்திருந்தன, எதுவும் எதன்மேலும் தட்டவில்லை. கிணத்துக்கடவிலிருந்து வந்த அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். மருதமலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்புவாள். ஐம்பத்தாறு வயதில் எட்டுப் போடக் கற்றுக்கொண்டாள், முருகனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள், லைசென்ஸ் வந்த அன்றைக்கு நிஜமாகவே மலை ஏறிப் போய் அவனுக்கு அதைக் காட்டிவிட்டு வந்தாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல். தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கோவணத்தோடு பின்கட்டில் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கலாமணி, சீயக்காய்!" என்று கத்திக்கொண்டிருந்தார். சீயக்காயைக் கரைத்துக் கிண்ணத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத்தான் போனாள், அதை யாரும் மறுக்க முடியாது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள், நாலு புடவையை வைத்துக் கட்டியிருந்த பையை எடுத்தாள், வண்டியை ரிவர்ஸில் எடுக்கும்போது காம்பவுண்டுச் சுவரில் உரசி ஒரு நீளக் கோடு விழுந்தது. ரிவர்ஸ் அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சத்தம் கேட்டு அவர் துண்டோடு ஓடிவந்தார், எண்ணெய் கண்ணுக்குள் போய்விட்டதால் கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு, எந்தப் பக்கம் வண்டி என்று தெரியாமல், "யார்ரா வண்டிய எடுக்கறது, யார்ரா?" என்று கத்தினார். திருடன் என்று நினைத்தார். அவளாக இருக்கும் என்று அப்போதும் தோன்றவில்லை.

சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடேயே முள்ளைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. முள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சின் சூடு உள்ளே வரும், முள் இறங்கும் என்று ரங்கராஜ் சொன்னது ஞாபகம் வந்து குமிழை இழுத்தாள், சித்திரை வெயிலில் முகத்திலும் காலிலும் அடுப்பைத் திறந்தாற்போல அனல் அடித்தது. அடிக்கட்டும். வேர்வை முதுகில் ஓடி இடுப்பில் தேங்கியது. வா, என்மேல் வா, அங்கே ஏறாதே. வால்பாறையில் எஸ்டேட் டாக்டர் ஒருவரிடமிருந்து அப்பா இதை வாங்கினபோதே இது பழைய வண்டி. காளப்பட்டியில் மாவு மில் வைத்திருந்த அப்பாவுக்குப் புது வண்டி வாங்கச் சீவன் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் கார் என்று கேட்டார்கள், கார் வந்தது. பழைய வண்டியாமா, என்று கல்யாணத்தன்றே மாமியார் சொன்னது காதில் விழுந்தது. அப்பாவுக்கும் விழுந்திருக்கும், அவர் ஒன்றும் சொல்லவில்லை, பதிகிற இடத்தில் மட்டும் பேர் கலாமணின்னு போடுங்க என்று சொல்லிவிட்டார், மாப்பிள்ளை பேரில் போடலாமே என்று புரோக்கர் இழுத்தபோது, வண்டி பழசுங்க, மாப்பிள்ளை பேருக்குக் கௌரவக் கொறைச்சல், என்றாராம். அதை நினைக்கும்போதெல்லாம் அப்பாமேல் அவளுக்கு ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வரும், அழுத்தக்கார மனுஷன். கேவலம் என்று சொன்ன வண்டியை நாச்சிமுத்து முப்பத்திநாலு வருஷம் ஓட்டினார். மேட்டில் ஏறும்போது வண்டி புகைந்தால், "நீயும் உன்ற அப்பன் வண்டியும் ஒண்ணுதான், ஓடறதக் காட்டியும் பொகையறது ஜாஸ்தி," என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவளும் சிரித்திருக்கிறாள். அதுதான் இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்க வைக்கிறது, அவளும் சிரித்தது.

இன்னொரு வண்டி நகர்ந்தது. இவளும் நகர்ந்தாள். காலையில் மகன் நவீன் ஓசூரிலிருந்து பேசினான். "அம்மா, எதுக்கும்மா இந்த வெயில்ல? பழைய இரும்புக்குக் குடுத்துருங்க. நான் ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கித் தர்றேன், கிளட்சே மிதிக்க வேண்டாம்." நல்ல பையன், மனசார வாங்கித் தருவான், வாங்கித் தந்த வண்டியில் பின்சீட்டில் உட்காரச் சொல்ல மாட்டான். ஆனால் அது அவன் வாங்கித் தந்த வண்டி. அதில் யார் வந்து கல்யாணப் போட்டோ எடுப்பார்கள்? இந்த வண்டியை வைத்துத்தான் நாலு வருஷமாகச் சாப்பிடுகிறாள், வீட்டு வாடகை கட்டுகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படமெடுக்கிற பழக்கம் வந்ததே, அதற்கு இந்த மாதிரிப் பழைய வண்டி என்றால் உயிர். வாலாங்குளத்துக் கரையிலும் தென்னந்தோப்புகளிலும் கொண்டுபோய் நிறுத்துவாள், பிள்ளைகள் பானெட்டில் சாய்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேமுல வர்றீங்க," என்பார் போட்டோகிராஃபர், அவள் மரத்தடிக்குத் தள்ளிப் போவாள். புருஷனை விட்டு வந்தவள் கல்யாண ஜோடிகளால் சாப்பிடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும், வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். வண்டிக்குள் உட்கார்ந்து எடுக்கிற படத்தில் பெண்தான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார வேண்டும். "மாப்பிள்ளதானுங்க ஓட்டற மாதிரி இருக்கோணும்," என்று ஒரு போட்டோகிராஃபர் சண்டைக்கு வந்தார். "போட்டோதானுங்களே, வண்டி ஓடப்போறதில்லயே, யாரு உக்காந்தா என்ன?" என்றாள். "அதத்தான் நானும் சொல்றேன், யாரு உக்காந்தா என்ன?" என்றார் அவர். "அப்ப அந்தப் புள்ளையே உக்காரட்டும்." அந்தப் பெண் உட்கார்ந்து ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாள், மாப்பிள்ளை பயந்து துள்ளிய அந்தப் படம்தான் கடைசியில் மண்டபத்து வாசலில் பெரிதாக நின்றது.

பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் புகைச் சான்று வேண்டும். இது இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது, இறங்கினால் பிடித்துக்கொண்டு போய்ப் பழைய இரும்பில் போட்டாலும் கேட்க முடியாது. இத்தனை நாளும் ரங்கராஜ்தான் சான்று வாங்கிவந்து கொடுப்பார். போன மாதம்தான், டீ குடித்துக்கொண்டே, பெரிய விஷயமே இல்லைபோலச் சொன்னார், அது உங்க வண்டில எடுத்தது இல்லீங்கக்கா, ஒர்க்ஷாப்புல நிக்கற ஏதாச்சும் புது வண்டில குழாய உட்டு எடுத்துக்குவோம், நம்பர் மட்டும் உங்களுது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படியானால் இந்த வண்டி ஒரு தடவைகூடப் பாஸாகவில்லை. நாலு வருஷமாக யாரோ ஒருவருடைய வண்டி அவளுக்காக மூச்சு விட்டிருக்கிறது. இல்லை, இந்தத் தடவை இதுவே விடட்டும். ஆகாது என்றால் ஆகாது என்று இதன் வாயாலேயே தெரியட்டும், தெரிந்தால், தெரிந்தால் என்ன செய்வாய், என்று ஒரு குரல் கேட்டது, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லுமுன் பால் வேன் நகர்ந்தது, சோதனை அறை வாசல் காலியாக இருந்தது, உள்ளேயிருந்து ஒருவர் கையைக் காட்டி வா வா என்றார்.

அவர் பெயர் லோகநாதன், பங்கில் எல்லோரும் லோகு என்று கூப்பிட்டார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் குங்குமம், கழுத்தில் துண்டு. ஹெரால்டைக் கண்டதும் முகம் மலர்ந்து அதைச் சுற்றிவந்தார். "எங்க மாமா ஒருத்தரு வெச்சிருந்தாருங்க. நல்லா வெச்சிருக்கீங்க்கா," என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கெல்லாம் வண்டில உட்டா வராதுங்க. பழசுக்குப் பொகைல கார்பன் மூணு பர்சென்ட்டுக்குள்ள இருக்கோணும். அந்தா, உங்களுக்குப் பின்னால வெள்ளை வண்டி நிக்குது பாருங்க, போன வருசத்து வண்டி, அவருகிட்டச் சொல்லிட்டு அந்தக் குழாய்ல உட்டு எடுத்துர்றேன். போட்டோ மட்டும் இதுல." "வேண்டாமுங்க," என்றாள் கலாமணி. "எல்லாரும் பண்றதுதானுங்க." "தெரியுமுங்க. இதுலயே உடுங்க." லோகு தோளைக் குலுக்கிக்கொண்டு, நீளக் கம்பி போன்ற அந்தக் குழாயை எடுத்துப் பின்னால் சென்று புகைபோக்கிக்குள் செருகினார். அது உள்ளே போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. டாக்டர் தொண்டைக்குள் கரண்டிக் காம்பை விடும்போது மூச்சை அடக்குவதுபோல அடக்கிக்கொண்டாள். திரையில் எண்கள் ஏறி, இறங்கி, ஏறி, நின்றன. "மூணு புள்ளி ஆறுங்க," என்றார் லோகு. அவர் குரலில் சந்தோஷம் இல்லை, நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நாந்தான் சொன்னனே."

மூன்று புள்ளி ஆறு. காதுக்குள் அது திரும்பத் திரும்பச் சொன்னது, மூன்று புள்ளி ஆறு, ஓடறதக் காட்டியும் பொகையறது ஜாஸ்தி, மூன்று புள்ளி ஆறு. வெள்ளை வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். நவீனைக் கூப்பிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கப்பா என்று சொல்லலாம். புள்ளி ஆறு. ஆறு என்பது எவ்வளவு, ஒரு சிட்டிகை, குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் குழம்பைக் கீழேயா கொட்டுகிறோம்? கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கால் இரண்டும் அனலில் மரத்திருந்தன. "எடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்," என்று லோகுவிடம் சொல்லிவிட்டு, பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள், இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து, வண்டியின் முன்பக்கம் முழுவதையும் விளக்கு மட்கார்டு எல்லாவற்றோடும் சேர்த்து முன்னால் கவிழ்த்தாள். வரிசையில் நின்றவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். "அக்கா, கை சுட்டுக்கும்," என்றார் பால் வேன்காரர், அவர் இன்னும் போகாமல் இருந்தார். கார்புரேட்டரின் அடியில் அந்தச் சின்ன ஸ்க்ரூ. பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடுகிற ஸ்க்ரூ, வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், ரொம்பக் குறைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும், இந்தச் சூட்டில் நின்றால் மறுபடி எடுக்காது. ரங்கராஜ் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் இல்லாதபோது தானே செய்தும் பார்த்திருக்கிறாள், ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது இல்லை. கால் சுற்று. சத்தம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம். லேசாக ஒரு விக்கல். நில், அங்கேயே நில். காதை வைத்துக் கேட்டாள், நவீன் கைக்குழந்தையாய் இருந்தபோது ராத்திரி மூச்சைக் கேட்ட மாதிரி கேட்டாள். விக்கல் தொடர்ந்தது, எஞ்சின் தணிந்தது, தணிந்தது, யாரோ ஐயய்யோ என்றார்கள், நிற்கப்போகிறது, அடுத்த ஸ்க்ரூவை மயிரிழை திருப்பி ஓட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள். எஞ்சின் ஒருமுறை உதறிக்கொண்டது. அப்புறம் சீராக, தாளம் தப்பாமல், ஒரே சத்தமாக ஓடத் தொடங்கியது. விரல் நுனி சுட்டிருந்தது, அப்புறம்தான் தெரிந்தது.

"பாருங்க," என்றாள். லோகு திரையைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். "ரெண்டு புள்ளி ஏழு," என்றார். "ரெண்டு புள்ளி ஏழுங்க்கா. பாஸ்." பால் வேன்காரர் கையைத் தட்டினார், வெள்ளை வண்டிக்காரர்கூட ஜன்னலுக்கு வெளியே கட்டைவிரலை நீட்டினார். கலாமணிக்கு அழுகை வரவில்லை, வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. பசிதான் வந்தது.

"ஓடிபி சொல்லுங்க்கா," என்றார் லோகு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபடி. "போன தடவை வரைக்கும் இல்லீங்க, இப்பப் புதுசு. பதிவுல இருக்கற நம்பருக்கு வரும்." அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "கடைசி நம்பர் நாப்பத்தொண்ணுங்களா?" என்றார். நாற்பத்தொன்று. அது நாச்சிமுத்துவின் நம்பர். போன தடவை பதிவைப் புதுப்பிக்க அவர்தான் போனார், அவருடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தார், அவள் பேரில் இருக்கும் வண்டிக்கு அவருடைய நம்பர். நாலு வருஷமாகக் கூப்பிடாத நம்பர், அழித்துவிட்டாள், ஆனால் விரலுக்குத் தெரியும். கூப்பிட வேண்டாம். கூப்பிடாவிட்டால் இரண்டு புள்ளி ஏழு காற்றோடு போய்விடும். ஓர் எண்தானே, கேட்டு வாங்கிக்கொண்டு வைத்துவிடலாம், அதற்கு என்ன. கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆரு?"

"கலாமணி."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "வண்டி நின்னு போச்சா?" என்றார். குரலில் ஒரு துள்ளல் இருந்தது, வயதானவர் குரலில் அந்தத் துள்ளல் அசிங்கமாக இருந்தது.

"நிக்கலீங்க. உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

"வந்திருக்குது. ஆறு எழுத்து. என்னது இது, இரும்புக்குப் போட்டுட்டயா?"

"பொகை டெஸ்ட்டு. பாஸாயிருச்சு."

"ஆருக்குக் காசு குடுத்த?"

"நம்ம குழாய்லயே உட்டுப் பாத்தாங்க. ரெண்டு புள்ளி ஏழு." நம்ம என்று வந்துவிட்டது, வாய் தவறி, முப்பத்திநாலு வருஷத்து வாய். அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது, சளி கட்டின மூச்சு. சாப்பிட்டாரா, யார் சமைக்கிறார்கள், என்று ஒரு நினைப்பு கதவிடுக்கில் வருகிற பூனை மாதிரி உள்ளே வந்தது, அதைத் துரத்துவதற்குள் அவர் பேசிவிட்டார்.

"வீட்டுக்கு வா. வாசல்ல வந்து நின்னு கேளு. சொல்றேன்."

லோகு திரும்பிப் பார்த்தார். "நேரம் முடியப் போகுதுங்க்கா," என்றார் மெதுவாக. ஆறு எண். அங்கே, அந்த வீட்டில், எண்ணெய் படிந்த அந்த ஃபோனில் இருக்கிற ஆறு எண். கெஞ்சினால் கிடைக்கும், அவருக்குக் கெஞ்சினால் போதும், எப்போதும் அதுதான் போதும். கொஞ்சம் குரலை இறக்கி, ஏனுங்க, என்று ஆரம்பித்தால் போதும். அந்த ஏனுங்க தொண்டை வரைக்கும் வந்தது. "நீங்களே வெச்சுக்கங்க," என்றாள் கலாமணி. ஃபோனை வைத்துவிட்டாள்.

"இன்னொருக்கா அனுப்பட்டுங்களா?" என்றார் லோகு.

"வேண்டாமுங்க. நம்பர் மாத்தறதுக்கு என்ன பண்ணோணும்?"

"ஆர்டிஓ ஆபீசுக்கு ஆதார எடுத்துட்டு நீங்களே போகோணும். ஓனர் நீங்கதானுங்களே, மாத்திக் குடுப்பாங்க. ஆனா இந்த டெஸ்ட்டு நிக்காதுங்க்கா, மாத்திட்டு வந்து மறுபடி எடுக்கோணும். மறுபடியும் பாஸாகோணும்." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்."

"ஆகும்," என்றாள். சும்மா வீம்புக்குச் சொன்னதாகத் தோன்றக்கூடாது என்று இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னாள். "மறுபடியும் ஆகுமுங்க. எத்தன தடவ உட்டாலும் ஆகும்."

பானெட்டைத் தூக்கி மூடிக் கொக்கிகளைப் போட்டாள். பால் வேன்காரர் ஒரு பக்கம் பிடித்துவிட்டார், இந்தத் தடவை யாரையும் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஹீட்டர் குமிழை உள்ளே தள்ளினாள். அனல் நின்றதும் ஜன்னல் காற்றே குளிர்ச்சியாக இருந்தது, பெட்ரோல் வாசத்தோடு வந்தாலும் காற்றுதான். ஆதார் பையில் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வழியில் எங்காவது நிறுத்தி இரண்டு இட்லி சாப்பிட வேண்டும், இல்லை, முதலில் ஆபீஸ், மூடிவிடுவார்கள், அப்புறம் இட்லி. வண்டியை நகர்த்தினாள். பக்கத்துச் சீட்டில் ஃபோன் அதிர்ந்தது. நாற்பத்தொன்று. அந்த ஆறு எண்ணைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாரோ, திட்டவோ, இல்லை அந்த டிவி சத்தம் நின்ற வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமலோ. முதல் மணிக்கே எடுத்துப் பழகிய கை ஸ்டீயரிங்கில் ஒரு தடவை துடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது. அடிக்கட்டும், வண்டி ஓட்டும்போது ஃபோன் எடுக்கக் கூடாது. பங்கு வாசலில் ஒரு டவுன் பஸ் வேகமாக வந்துகொண்டிருந்தது, டிரைவர் ஹாரனை அமுக்கியபடி நீ நில் என்று கையைக் காட்டினார். கலாமணி இண்டிகேட்டரைப் போட்டு, இரண்டாவது கியருக்கு மாறி, பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் ஏறினாள்.